மக்கு மண்

ஜெயத்துக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் கோயிலுக்குப் பின்புறம் வேப்பமரத்தடியில் நடக்கும் வகுப்புதான். ஆசிரியர் பயிற்சி முடித்தவள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்து, புதுப்பிக்க வேண்டிய நேரத்திலெல்லாம் காஞ்சிபுரம் போய் வரிசையில் நின்று புதுப்பித்துக்கொண்டே இருந்தாள். அரசாங்கத்துக்கு அவள் நினைவே வரவில்லை. வடக்குப்பட்டில் உபதேசியாராக இருந்த அப்பா, "கர்த்தர் உனக்குன்னு ஒரு கிளாஸ் வச்சிருப்பாரும்மா" என்று சொல்லிச் சொல்லியே கண்ணை மூடினார். கர்த்தர் வைத்திருந்தது பென்னலூர்ச் சபையின் பழைய கரும்பலகையையும், முடிவில் கொடுக்கும் பிஸ்கட்டுக்காகவாவது வந்து உட்காரும் ஒரு கூட்டம் பிள்ளைகளையும். அந்த ஒரு மணி நேரத்துக்காக அவள் சனிக்கிழமையே புடவைக்குக் கஞ்சி போட்டு வைப்பாள்.

அவள் மகன் மோகன்ராஜும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவன்தான். கணக்கு ஏறாது. எழுத்து தலைகீழாக வரும். பள்ளிக்கூடத்தில் அவனுடைய பெயரே மறந்துபோய் 'மக்கு' என்று ஆகிவிட்டிருந்தது. முதலில் வாத்தியார் கூப்பிட்டார், பிறகு பையன்கள், அதற்குப் பிறகு தெரு. அவன் அதற்கு வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. "டேய் மக்கு" என்றால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். தொண்ணூறாம் வருஷத்து ஐப்பசி மழையில் மூளைக்காய்ச்சல் வந்து, சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்ப வேனில் கொண்டுவந்தார்கள். பத்து வயது.

அடக்கத்தில் பேசிய மூப்பர் ஒருவர், தேவன் தம்முடைய தோட்டத்துக்கென்று நல்ல பூவாகப் பார்த்துப் பறித்துக்கொண்டார் என்றார். உயிரோடு இருந்தவரைக்கும் மக்கு. குழிக்குள் இறக்கிய அன்றைக்குப் பூ. ஜெயம் அதை மறக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை.

கல்லறைத் தோட்டம் கோயிலுக்குப் பின்னால், ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. நெல்லு விளைத்துக்கொண்டிருந்த குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவர் கம்பெனிக்குப் போக ஆரம்பித்த பிறகு, அங்கே கல்லறைகளும் வளர்ந்திருந்தன. சிமெண்ட் மேடை, அதற்கு மேல் மொசைக், அதற்கும் மேல் சலவைக்கல் சிலுவை. நடுவில் மோகனுடையது மட்டும் வெறும் மண்மேடு.

அவள் புருஷன் இளங்கோவனுக்கு அது உறுத்தியது. அவன் பெரிய ரோட்டில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் லைனில் நின்றான். நின்று நின்று கால் வீங்கி வருவான்.

"நாயப் பொதைச்ச மேடு மாதிரி கீது ஜெயம். பாக்கறவன் இன்னா நெனைப்பான்? பெத்தவன் செத்துட்டானான்னு கேப்பான். ஓ.டி. பாத்து ஒரே மூச்சுல கட்டிப் போட்டுர்றேன்."

"மண்ணாவே இருக்கட்டுங்க. புள்ளைக்கு மூச்சு முட்டும்."

"செத்தவனுக்கு இன்னா மூச்சு?"

மனசுக்குள் ஒன்று இருந்தது, வாயில் வரவில்லை. மண்ணாகவே இருந்தால் அவன் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. புல்லுக்குள், மழைத்தண்ணீருக்குள், ஏரிக்குள். மேலே சிமெண்ட் போட்டு மூடினால் அவன் அங்கேயே நின்றுவிடுவான். இதைப் போய், லைன் நின்றுவிட்டால் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குகிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது? "வருஷ நெனைவு நாள் வரைக்கும் உடுங்க. அப்புறம் பாக்கலாம்" என்று மட்டும் கெஞ்சி வாங்கிக்கொண்டாள். அவனும் சரி என்றான். கட்டி முடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் கால் வைக்க மாட்டேன் என்றும் சொன்னான். வைக்கவும் இல்லை.

தொண்ணூற்றொன்று மாசியில் ஞாயிறு வகுப்புக்குப் படைப்பின் பாடம் வந்தது.

"ஆறு நாள்ல ஆண்டவர் எல்லாத்தையும் படைச்சாரு. மரம் படைச்சாரு. இல படைச்சாரு. சரி, கீழ விழுந்த இலைய யாரு கூட்டறது?"

"கிளியம்மா ஆயா!" என்றான் டில்லிபாபு. அவன் வீட்டில் எல்லோரும் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். அவன் மட்டும் பிஸ்கட்டுக்காக இங்கே வருவான். கிளியம்மாள் கோயில் வளாகத்தைப் பெருக்குகிறவள்.

பிள்ளைகள் சிரித்து அடங்கினார்கள். "காட்டுல கிளியம்மா இல்லையே. அங்க யாரு கூட்டறது?"

ஜெயம் அவர்களை வேப்பமரத்துக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சருகைக் கிளறிக் காட்டினாள். மேலே முழுச் சருகு. அதற்குக் கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய சருகு. அதற்கும் கீழே, சருகா மண்ணா என்று சொல்ல முடியாத கறுப்பு. அதில் வெள்ளை நூல் மாதிரி பூஞ்சை, நெளிகிற மண்புழு, சுருண்டுகொள்கிற மரவட்டை.

"இவங்கதான் ஆண்டவரோட வேலைக்காரங்க. ஏழாம் நாள் அவரு ஓய்வு எடுத்தப்பக்கூட இவங்க எடுக்கல. அவரு வூட்டுல குப்பைத்தொட்டி கெடையாது. எதையும் வீணாக்க மாட்டாரு. அஞ்சு அப்பத்தை அத்தனை பேருக்குக் குடுத்துட்டு, மிச்சத்தைக் கூடை கூடையா பொறுக்கச் சொன்னாரே, எதுக்கு?"

"மறுநாளு பழையது சாப்பிட" என்றான் டில்லிபாபு.

அன்றைக்கே ஒரு குழி வெட்டினார்கள். வாரா வாரம் வீட்டுக் காய்கறித் தோலும், சாணியும், அடுப்புச் சாம்பலும் வந்து சேர்ந்தன. ஷெர்லின் என்ற சின்னப் பெண் ஒரு பால் கவரையும் கொண்டுவந்து போட்டாள். அதுவும் இருக்கட்டும், என்ன ஆகிறது பார்க்கலாம் என்றாள் ஜெயம். பலகையில் 'மக்கும், மக்காது' என்று இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதியபோது, பின்னால் கசமுசவென்று சத்தம். டில்லிபாபு எழுந்தான்.

"டீச்சர், மக்குன்னா மோகன்தானே?"

பக்கத்தில் இருந்தவன் அவன் டிரவுசரைப் பிடித்து இழுத்தான். ஜெயத்தின் கை பலகையில் நின்றது. திரும்பும்போது அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஆமாண்டா. மக்குன்னா, தன்னை மண்ணுக்குக் குடுத்துடறவன். மண்ணு அதை வேருக்குக் குடுக்கும், வேரு காய்க்குக் குடுக்கும், காய நீ தின்னுவ. இந்தப் பால் கவர் இருக்குது பாரு, இது பெரிய கெட்டிக்காரன். எத்தனை மழை பேஞ்சாலும் அப்படியே இருப்பான். யாருக்கும் ஒண்ணும் குடுக்க மாட்டான்."

பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து வகுப்பில் மக்கு என்பது வசவு இல்லை. பிளாஸ்டிக் செருப்பு, பால் பாயிண்ட் பேனா மூடி, ஐஸ் டப்பா எல்லாம் 'கெட்டிக்காரன்' ஆயின.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு சுற்று வட்டாரமெல்லாம் போலீஸ். நாலு பேர் கூடினால் விசாரணை. விடுமுறை வேதப் பள்ளி அந்த வருஷம் நடக்கவில்லை. வகுப்பு மறுபடி கூடியபோது ஆனி பிறந்திருந்தது. குழியைத் திறந்தால் கையை விட்டு அளைய வேண்டும் போல மண். முதல் மழை வாசனை. கவர் மட்டும் அச்சு எழுத்துக்கூட அழியாமல் பளபளவென்று வந்தது. "கெட்டிக்காரன்! கெட்டிக்காரன்!" என்று கத்தினார்கள். ஜெயம் கொட்டாங்கச்சியில் ஆளுக்குக் கொஞ்சம் மண் அள்ளிக் கொடுத்து, பிடித்த இடத்தில் கொண்டுபோய்ப் போடச் சொன்னாள்.

டில்லிபாபுவும் ஷெர்லினும் தங்கள் பங்கைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். "எல்லாருக்கும் மேல டைல்ஸு கீது டீச்சர். மோகனுக்குத்தான் ஒண்ணுமே இல்ல. அதான் போட்டோம்" என்று அடுத்த வாரம் வந்து சொன்னார்கள்.

அந்த மண்ணில் யார் வீட்டு அடுக்களையிலிருந்தோ வந்த பரங்கி விதை மக்காமல் கிடந்திருக்கிறது. ஒரு மழைக்கு முளைத்தது. ஜெயம் பார்த்தபோது இரண்டு விதையிலை. அடுத்த முறை கொடி. ஆவணியில் மேடு முழுக்க இலை விரித்து, பக்கத்துச் சலவைக்கல் சிலுவையைச் பற்றுக்கம்பியால் சுற்றிக்கொண்டு ஏறியது. பொன் நிறத்தில் பூ பூத்தது. ஒன்றே ஒன்று காயாக நின்றது. நின்றது ஊதிப் பெருத்தது. ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் அங்கே வந்து உட்காருவாள். இத்தனை மாதம் பிள்ளைகளுக்குச் சொன்ன பாடம் அவளுக்கே அப்போதுதான் நம்பிக்கை ஆயிற்று. அதற்கு முன் சொன்னதெல்லாம் பாடம். இது மோகன். அவன் நின்றுவிடவில்லை, வந்துகொண்டிருக்கிறான் என்று அந்தக் காயைத் தொட்டுப் பார்க்கும்போது அவளுக்குத் தோன்றும். வெயில் ஏறி, தொட்டால் உடம்புச் சூடு இருக்கும். வருஷ நினைவுக்கு முன்னால் இளங்கோவனை ஒரு தடவை கூட்டிவந்து காட்டிவிட வேண்டும். பார்த்தால் சிமெண்ட் போட மனசு வராது என்று கணக்குப் போட்டாள். அவனோ வார ஓய்வைக்கூட விற்று ஓ.டி. பார்த்தான், சிமெண்டுக்காக.

ஐப்பசி முதல் ஞாயிறு அறுப்பின் பண்டிகை. விளைந்ததில் முதற்பலனைக் கொண்டுவந்து பீடத்தில் படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். வயல் இருந்தவரைக்கும் நெற்கதிரும் வாழைத்தாரும் வந்தன. இப்போது பாதிப் பேர் முந்தின நாள் சாயங்காலம் மார்க்கெட்டில் வாங்கின கத்திரிக்காயைத்தான் முதற்பலன் என்று வைத்தார்கள். அவற்றுக்கு நடுவில் டில்லிபாபுவும் ஷெர்லினும், ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சு வாங்க ஒரு பரங்கிக்காயைத் தூக்கிவந்து வைத்தார்கள். ஜெயம் போய்த் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. பீடத்தில் அது உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்துக்கொண்டே பாட்டுப் பாடினாள்.

ஏலம் விடுகிறவர் தணிகாசலம். ஞானஸ்நானம் எடுத்தும் பெயரை மாற்றிக்கொள்ளாதவர். வாய் ஓயாதவர். பரங்கிக்காயை மார்போடு அணைத்துத் தூக்கினார்.

"இதப் பார்யா, வெயிட்டுப் பார்ட்டி! நம்ம பொருளாளரு தொப்பை கணக்கா கீது! யாரு கேக்கறீங்க?"

கேள்வி ஏறியது. காந்திமதி விடாமல் ஏற்றினாள். கோயிலில் முதல் வரிசையில் உட்காருகிறவள், அவள் புருஷன் பிள்ளைப்பாக்கத்தில் கம்பெனிக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு மாடி வீடு கட்டியவன். அவளுக்கே முடிந்தது.

"அக்காவுக்கு! கைதட்டுங்க! ஏண்டா டில்லி, எவன் தோட்டத்துல அட்ச்சிக்கினு வந்த இந்த மாதிரிக் காய?"

"அட்ச்சிக்கினு வர்ல. மோகன் போட்டது" என்றான் டில்லிபாபு.

"எந்த மோகன்?"

"நம்ம மோகன்தான். பின்னால படுத்துக்கினு கீறானே."

கைதட்டல் அங்கங்கே அறுந்து நின்றது. காயை வாங்க நீட்டிய கையைக் காந்திமதி அடுப்பைத் தொட்டவள் போல இழுத்துக்கொண்டாள்.

"அய்யய்ய! பொணத்தைத் தின்னு வளந்த காயா? அதைப் போய்ப் பீடத்துல வச்சிகிறீங்களே, உங்களுக்கு நல்லா இருக்குதா?"

"பொணம் இல்ல ஆன்ட்டி" என்று ஷெர்லின் நிதானமாகத் திருத்தினாள். "மக்கு. மோகன் அண்ணன் மக்கிட்டாங்க. மண்ணு வேருக்குக் குடுத்துச்சு, வேரு காய்க்குக் குடுத்துச்சு. டீச்சர்தான் சொன்னாங்க."

எல்லா முகமும் ஜெயத்தின் பக்கம் திரும்பியது. தணிகாசலம் காயை இறக்கி வைத்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

போதகர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு மெதுவாகத்தான் பேசினார். மெதுவாகப் பேசுகிறவர்களிடம் எதிர்த்து எதைச் சொல்வது?

"ஜெயம், விதை, நிலம், சாவு, இதுக்கெல்லாம் வேதத்துல ஆவிக்குரிய அர்த்தம் கீதும்மா. நீ அதைக் குழம்புல போடற காய் கணக்கா சொல்லிக் குடுத்துட்டியே."

"ஐயா, அடக்கத்துல மண்ணு மண்ணுக்கேன்னு சொல்லி ஒரு பிடி போட்டீங்களே. நீங்க சொன்னதைத்தானே நான் சொன்னேன்?"

"அது ஆராதனை முறைம்மா" என்றார் அவர். "வழக்கமா சொல்றது."

பிறகு, நீ ரொம்பக் களைத்துப் போயிருக்கிறாய், கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கொள், வகுப்பைக் கங்கா பார்த்துக்கொள்வாள் என்றார். கங்கா அவருடைய கொழுந்தியாள் மகள். அவளிடம் நல்ல வண்ணப் படங்கள் இருந்தன. பின்னால் அந்தக் குழியும் மூடப்பட்டது, பாம்பு வரும் என்று.

வெளியே வந்தபோது ஏலம் முடிந்து ஆட்கள் போயிருந்தார்கள். காலியாகிவிட்ட தரையில் பரங்கிக்காய் மட்டும் தனியாகக் கிடந்தது. கிளியம்மாள் துடைப்பத்தோடு அதைச் சுற்றிச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். "நீயே எடுத்துக்கினு போயிடு கண்ணு. தூக்கிப் போட எனக்குக் கை வர்ல" என்றாள். ஜெயம் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தாள். இடுப்பில் பாரம் வைத்து நடந்து அவளுக்கு வெகு காலம் ஆகியிருந்தது.

அரிவாள்மணையில் வைத்துப் பிளந்தாள். உள்ளே நல்ல செம்மஞ்சள். புளி கரைத்து, வெங்காயம் தாளித்து, குழம்பு வைத்தாள். ஒரு துண்டை எடுத்து ஊதி வாயில் வைத்து, அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு இளங்கோவன் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தான். குளித்துவிட்டு உட்கார்ந்தான். பிள்ளை போன பிறகு சோறு அவனுக்கு ஒரு வேலை. உருட்டிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவான். அன்றைக்கு நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னா ஜெயம், குழம்பு இவ்ளோ தித்திப்பா கீது? இன்னும் ரெண்டு துண்டு போடு."

போட்டாள். அவன் தின்றான். மறுசோறு கேட்டான். அவள் வாயைத் திறக்கவில்லை. அவன் சாப்பிட்டு முடியட்டும் என்று இருந்தாளா, அவனே கேட்கட்டும் என்று இருந்தாளா, அவளுக்கே தெரியாது.

"எங்க வாங்கின?"

"வாங்கல. மோகன் குடுத்தான்."

"எந்த மோகன்? ஃபிட்டர் மோகனா?"

"நம்ம மோகன்."

பிறகு சொன்னாள். குழியிலிருந்து ஏலம் வரைக்கும், ஒன்றையும் விடாமல், பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். சொல்லும்போது அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலில் குழம்பு ஒட்டியிருந்தது. தட்டில் ஒரு துண்டு பாக்கி. அந்த ஒரு துண்டை மட்டும் அவன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் போதும். சிமெண்ட் வேண்டாம் என்று அவன் சொல்லவே வேண்டியதில்லை.

அவன் தட்டை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனான். கொட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவன் குமட்டுகிற சத்தம், வெகு நேரத்துக்கு. ஈர முகத்தோடு வந்து வாசற்படியில் நின்றான்.

"எம் புள்ளைய எனக்கே ஆக்கிப் போட்டியாடி?"

அவள், மோகனாகத்தான் கொடுத்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான். லைனில் நின்று வீங்கிய கால்களோடு, குழந்தை மாதிரி வாய் கோணி அழுதான். அப்படி அழுகிறவனிடம் மண்ணைப் பற்றியும் வேரைப் பற்றியும் யாரால் பேச முடியும்?

வருஷ நினைவு வரைக்கும் அவன் காத்திருக்கவில்லை. அந்த வாரமே மேஸ்திரியைக் கூட்டிவந்தான். மேஸ்திரி கொடியைச் சுருட்டி இழுத்தார். அது சிலுவையைப் பிடித்திருந்த பிடியை விட மாட்டேன் என்றது, அரிவாளால் அறுத்தார்கள். கொத்தினால் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. மண்புழுக்கள் வெயிலில் துள்ளின. அதன் மேல் ஜல்லி கொட்டி, கலவை ஊற்றி, கரண்டியால் வழவழவென்று தேய்த்தார்கள். ஈரம் காய்வதற்குள் எழுத வேண்டும் என்று மேஸ்திரி ஆணியை எடுத்தார்.

"சார், பேருக்குக் கீழ இன்னா எழுதணும்?"

இளங்கோவன் யோசித்தான். அடக்கத்தில் கேட்டதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. "கர்த்தரின் தோட்டத்து மலர்" என்று சொன்னான். மேஸ்திரி எழுதினார். 'மலர்' என்பதற்கு இடம் போதாமல் கடைசி எழுத்தைக் கொஞ்சம் நெருக்கிப் போட்டார்.

ஜெயம் சுற்றுச்சுவருக்கு வெளியே நின்றிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த டில்லிபாபு பையோடு பக்கத்தில் வந்து நின்றான். இனி அவள் டீச்சர் இல்லை என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தாலும் அவனுக்கு ஏறியிருக்காது. எம்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தான்.

"டீச்சர், சிமெண்ட்டு மக்குமா?"

"மக்காதுடா."

"எத்தனை மழை பேஞ்சாலும்?"

"எத்தனை மழை பேஞ்சாலும்."

"அப்போ மோகனையும் கெட்டிக்காரன் ஆக்கிட்டாங்க" என்றான் டில்லிபாபு.